ஃபயர்வயர் கார்டும் வின்டிவியும்: கேம்கார்டர் டேப்புகளைக் கணினிக்கு மாற்றிய அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

ஒரு மணி நேர மினிடிவி டேப்பைக் கணினிக்குள் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். இதில் குறுக்குவழி கிடையாது. கணினி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், கேமராவுக்குள் இருக்கும் டேப் தனக்குரிய வேகத்தில்தான் ஓடும். அலமாரியில் கிடக்கும் பழைய கேம்கார்டர் டேப்புகளைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும், பென் டிரைவிலிருந்து கோப்பை இழுத்துப் போடுவது போன்ற வேலை என்று எண்ணிக்கொண்டுதான் கேட்கிறார்கள். நானும் அப்படி எண்ணித்தான் ஒரு விடுமுறை நாளின் மாலையில் இதைத் தொடங்கினேன். என்னிடம் இருந்தவை 43 டேப்புகள். முடிப்பதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதங்களிலும் துணைநின்ற இரண்டு பொருள்களைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு. ஒன்று, கேமராவைக் கேபிள் வழியாகக் கணினியுடன் இணைப்பதற்காக மேசைக் கணினிக்குள் பொருத்திய சாதாரண ஃபயர்வயர் கார்டு. மற்றொன்று, வின்டிவி என்ற பெயருடைய இலவச மென்பொருள். இந்தப் பெயரில் உள்ள டிவி தொலைக்காட்சியைக் குறிப்பதன்று. டிஜிட்டல் வீடியோ என்ற பதிவு வடிவத்தின் சுருக்கம். தேடும்போது இந்தப் பெயர்க்குழப்பம் கொஞ்சம் அலைக்கழிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலையைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் ஓர் அடிப்படை உண்மையைப் புரிந்துகொண்டாக வேண்டும். 1995இல் அறிமுகமான டிவி வடிவத்தில், காட்சி டேப்பில் ஏறும்போதே எண்களாகத்தான் ஏறுகிறது. விஎச்எஸ் கேசட்டில் இருப்பதைப் போன்ற அனலாக் அலை அன்று. கணினிக் கோப்பில் இருப்பதைப் போன்ற தரவுதான் அந்த 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாவில் இருக்கிறது. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஓடும் காட்சியின் ஒரு தனிப் படத்துக்கு, 1,44,000 பைட்டுகள், நொடிக்கு 25 ஃப்ரேம்கள். என்டிஎஸ்சி (NTSC) என்ற மற்றொரு தொலைக்காட்சி முறையில் ஒரு ஃப்ரேமுக்கு 1,20,000 பைட்டுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 ஃப்ரேம்கள். எந்த முறையாக இருந்தாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: நொடிக்கு 3.6 மெகாபைட், மணிக்குச் சுமார் 13 ஜிகாபைட். ஆகவே நமக்கு வேண்டியது படத்தை மறுபடி பதிவுசெய்யும் கருவி அன்று. டேப்பில் உள்ள எண்களை மாற்றாமல் அப்படியே எடுத்துத் தரும் வழி மட்டுமே. அந்த வழிதான் ஃபயர்வயர். ஐஇஇஇ 1394 என்பது அதன் தர எண். சோனி அதற்கு ஐ.லிங்க் என்று பெயரிட்டது. வேறு பல கேமராக்களில் போர்ட்டின் மேல் வெறுமனே டிவி என்று எழுதியிருக்கும். பெயர் மூன்றானாலும் பொருள் ஒன்றுதான்.

இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பு நான் வாங்கியது யுஎஸ்பியில் செருகும் ஒரு சிறிய கேப்சர் கருவி. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடும் நோக்கம் எனக்கு இல்லை. இவ்வகைக் கருவிகள் பல பெயர்களில் கிடைக்கின்றன, அடிப்படையில் அவை அனைத்தும் செய்வது ஒன்றே. கேமராவின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் வழியாக அனலாக் படத்தை வாங்கிக் கணினியில் மீண்டும் டிஜிட்டலாக்குகின்றன. அதாவது, டேப்பில் எண்ணாக இருந்ததைக் கேமரா அலையாக மாற்றும்; அந்த அலையை இந்தக் கருவி மறுபடி எண்ணாக மாற்றும்; பின்பு மென்பொருள் அதை இன்னொரு முறை சுருக்கி எழுதும். வடித்த கஞ்சியை மறுபடி சோற்றில் ஊற்றி மறுபடி வடிப்பதைப் போன்ற வேலை. படம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிவப்பு நிறப் பொருள்களின் விளிம்புகள் பக்கவாட்டில் கசிந்தன; வெயிலில் எடுத்த காட்சிகளில் வெள்ளைப் பகுதிகள் விவரமின்றி வெளிறிப்போயின; ஒரு டேப்பில் முப்பது நிமிடங்களுக்குப் பிறகு உதட்டசைவும் பேச்சும் விலகத் தொடங்கின. இவற்றைவிட எனக்கு வருத்தமளித்த இழப்பு வேறு ஒன்று. ஒவ்வொரு ஃப்ரேமுடனும் கேமரா எழுதிவைத்திருந்த நாள், நேரக் குறிப்புகள் இந்த வழியில் வரவே வராது. விஎச்எஸ் கேசட் வைத்திருப்பவருக்கு இக்கருவி பயன்படலாம். மினிடிவி வைத்திருப்பவர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக ஏமாந்தது, ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் ஃபயர்வயரும் கொண்ட அடாப்டரில். உள்ளே எந்தச் சில்லும் இல்லாமல் கம்பியை மட்டும் இணைத்துத் தரும் இந்த அடாப்டர் வேலை செய்யாது, செய்யவும் முடியாது. இரண்டும் வேறு வேறு மொழி பேசும் இணைப்புகள்; செருகுமுனையின் வடிவத்தை மாற்றிவிட்டால் மொழி மாறிவிடுவதில்லை. கேமராவிலேயே யுஎஸ்பி போர்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். டேப்பில் பதியும் பெரும்பாலான கேமராக்களில் அந்தப் போர்ட், நினைவக அட்டையில் உள்ள நிழற்படங்களை நகர்த்துவதற்கும், இணையக் கேமராவைப் போலத் தரம் குறைந்த படத்தை அனுப்புவதற்கும்தான். முழுத் தரத்தில் டேப்பை யுஎஸ்பி வழியாக அனுப்பக்கூடிய மாதிரிகள் மிகச் சில. கேமராவின் கையேட்டில் அப்படித் தெளிவாகச் சொல்லியிருந்தாலன்றி அதை நம்பி இறங்க வேண்டாம்.

இனி கார்டுக்கு வருகிறேன். நான் பொருத்தியது பிசிஐ எக்ஸ்பிரஸ் வகைக் கார்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சில்லுடன் கூடியது. இந்தச் சில்லைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம், பழைய கேமராக்களுடன் இது குறைந்த தகராறு செய்யும் என்று இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருவதுதான். மற்றச் சில்லுகள் ஓடாது என்று நான் சொல்லவில்லை. நான் சோதித்தது இது ஒன்றை மட்டுமே. கணினியின் பக்கப் பலகையைக் கழற்றிக் கார்டைச் செருகித் திருகாணியை இறுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கார்டில் மின்சாரத்துக்கெனத் தனியாக ஒரு செருகுவாய் இருந்தது. அதை நான் இணைக்கவில்லை. கேம்கார்டரின் நான்கு ஊசிப் போர்ட் கம்பி வழியாக மின்சாரம் வாங்குவதே இல்லை என்பதால் அதற்குத் தேவையும் இல்லை. கார்டின் பக்கம் ஆறு ஊசி, கேமராவின் பக்கம் நான்கு ஊசி உள்ள கேபிள்தான் வேண்டும். கார்டுடன் வந்த கேபிள் இரு முனையிலும் ஆறு ஊசி கொண்டதாக இருந்ததால் மேலும் சில நாள்கள் காத்திருக்க நேர்ந்தது. வாங்குபவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும்.

செருகும்போது அவசரப்படக் கூடாது. ஆறு ஊசிப் போர்ட் 30 வோல்ட் வரை மின்சாரம் தரக்கூடியது. தளர்ந்துபோன போர்ட்டில் செருகுமுனையைத் தலைகீழாக அழுத்தித் திணித்தால், அந்த மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போய்க் கேமராவின் ஃபயர்வயர்ப் பகுதியை ஒரு நொடியில் எரித்துவிடும். கேமராவின் நான்கு ஊசிப் போர்ட்டும் மிக மென்மையானது. கேமராவையும் கணினியையும் அணைத்துவிட்டுக் கேபிளை இணைத்து, பின்பு இரண்டையும் இயக்குவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். இது அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று சிலர் சிரிக்கலாம். கார்டு எரிந்தால் வேறு கார்டு வாங்கிவிடலாம். டேப்பைப் படிக்கும் நல்ல நிலையிலுள்ள கேமரா அப்படிக் கிடைப்பதில்லை.

ட்ரைவர் விஷயத்தில்தான் ஒரு மாலைப்பொழுது வீணாயிற்று. விண்டோஸ் 10 கார்டைத் தானாகவே கண்டுகொண்டு ஒரு ட்ரைவரையும் போட்டுவிட்டது; கேமராவின் பெயர்கூடச் சாதனப் பட்டியலில் வந்தது. ஆனால் படம் சில நொடிகள் ஓடி உறைந்தது. இதற்குத் தீர்வு, லெகஸி என்ற சொல்லைப் பெயரின் இறுதியில் தாங்கிய பழைய 1394 ஓஎச்சிஐ ட்ரைவருக்கு மாறுவது. விண்டோஸ் 7இல் இது பட்டியலிலேயே இருந்தது. விண்டோஸ் 8 முதல் நீக்கப்பட்டதால், மைக்ரோசாஃப்ட் அதைத் தனியே தரவிறக்கும் தொகுப்பாக வெளியிட்டது. அதை நிறுவினால் மட்டும் போதாது என்பதுதான் பலரும் தடுக்கி விழும் இடம். நிறுவுதல் என்பது கோப்புகளை ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய் வைப்பதோடு முடிந்துவிடுகிறது; அதன் பின்பு டிவைஸ் மேனேஜருக்குள் சென்று, கார்டின் ட்ரைவரைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தந்து, பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுப்பதாகச் சொல்லி, அந்த லெகஸி ட்ரைவரைச் சுட்டிக்காட்ட வேண்டும். மாற்றியபின் படம் உறையவே இல்லை. எல்லாருக்கும் இந்த மாற்றம் தேவைப்படும் என்றில்லை. புதிய ட்ரைவரிலேயே சிக்கலின்றி முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

வின்டிவியைத் திறந்தவுடன் ஏற்படும் முதல் எண்ணம், இது முடிவடையாத மென்பொருளோ என்பதுதான். சிறியதொரு சன்னல், அதில் படம் தெரியும் பகுதி, கோப்பின் பெயரை எழுத ஓர் இடம், சில பொத்தான்கள். இதன் 1.2.3 பதிப்பு 2003ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிறுவ வேண்டிய வேலையும் இல்லை. சுருக்கப்பட்ட கோப்பைப் பிரித்து இயக்கினால் போதும். காட்சியை வெட்டவோ, ஒட்டவோ, நிறம் திருத்தவோ, எழுத்துச் சேர்க்கவோ இதனால் முடியாது. ஃபயர்வயர் வழியாக வரும் தரவை ஏவிஐ கோப்பாக வட்டில் எழுதுவதும், அப்படியொரு கோப்பை மறுபடி கேமராவின் டேப்பில் ஏற்றுவதும் மட்டுமே இதற்குத் தெரியும். முன்பு நான் சோதித்துப் பார்த்த பெரிய எடிட்டிங் மென்பொருள்கள், திட்டம் ஒன்றைத் தொடங்கு, வடிவத்தைத் தேர்ந்தெடு, டேப்புக்குப் பெயர் கொடு என்று ஆயிரம் கேள்வி கேட்டபின் டைம்கோடில், அதாவது டேப்பில் பதிந்திருக்கும் ஓட்ட நேரக் கணக்கில், இடைவெளி வந்ததும் நின்றுபோயின. அக்காலத்தில் விண்டோஸுடன் வந்த மூவி மேக்கரோ, நாம் கவனித்து அமைப்பை மாற்றாவிட்டால், டிவி தரவை அப்படியே வைக்காமல் டபிள்யூஎம்வி வடிவத்துக்குச் சுருக்கி எழுதிவிடும். வின்டிவியில் அந்த ஆபத்துக்கே இடமில்லை, ஏனென்றால் சுருக்குவதற்கு அதற்குத் தெரியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சமும் அதுவே.

ஆனால் அதற்குத் தெரிந்த சிலவற்றை அது மிக நன்றாகச் செய்கிறது. டேப்பில் ஒவ்வொரு ஃப்ரேமுடனும் பதிவான நாள், நேரத்தை அது படிக்கும். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே நேரம் தாவியிருந்தால், அதாவது படமெடுத்தவர் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுப் பிறகு மறுபடி தொடங்கியிருந்தால், அந்த இடத்தில் கோப்பை முடித்து அடுத்த கோப்பைத் தொடங்கும். எத்தனை நொடி தாவினால் பிரிக்க வேண்டும் என்பதை நாமே அமைக்கலாம். கோப்பின் பெயரோடு ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவற்றைத் தானே சேர்த்துவிடும். இதன் அருமை மூன்றாவது டேப்பில்தான் எனக்கு விளங்கியது. உறையின் மேல் ஒன்றுமே எழுதப்படாத டேப் அது. உள்ளே என்ன இருக்கிறது, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது ஃபோல்டரில் 60க்கும் மேற்பட்ட கோப்புகள் நாள்வாரியாக வரிசைகட்டி நின்றன. குழந்தை தவழ்ந்த நாளும் எழுந்து நின்ற நாளும் எத்தனை வாரம் விலகியிருந்தன என்பதைக் கோப்பின் பெயரே சொன்னது. யுஎஸ்பி கருவி தொலைத்துவிட்டது என்று மேலே சொன்னேனே, அந்தக் குறிப்புகள்தான் இவை. ஒரு குறை: கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைக்காமல் எடுத்திருந்தால் பெயரில் வரும் நாளும் தவறாகத்தான் இருக்கும். உள்ளிருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துபோன ஆண்டில் எடுத்த என் ஐந்து டேப்புகளும் அப்படித்தான் வந்தன. அது மென்பொருளின் பிழையன்று.

காட்சிகளைப் பிரித்துச் சேமிப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. டிவி வடிவத்தில் ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் முறையிலும் பதியலாம். 32 கிலோஹெர்ட்ஸ், 12 பிட் முறையிலும் பதியலாம். கேமராவின் மெனுவில் யாராவது இடையில் மாற்றியிருந்தால், ஒரே டேப்பில் இரண்டும் மாறி மாறி வரும். முழு டேப்பையும் ஒரே கோப்பாக எடுத்தால் அந்த மாற்றம் நிகழும் இடத்திலிருந்து ஒலி கெடலாம். தனித்தனிக் கோப்பானால் ஒவ்வொன்றும் தன் அளவில் சரியாக இருக்கும். ஏவிஐயில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு வகையுண்டு. முதல் வகை, டேப்பிலிருந்து வந்த ஓடையை அப்படியே வைப்பது. இரண்டாம் வகை, அதனுடன் ஒலியை மட்டும் தனியாக இன்னொரு பிரதி எடுத்து வைப்பது. எடிட்டிங் மென்பொருள்கள் பலவும் இரண்டாம் வகையை எளிதில் ஏற்பதால் நான் அதையே தேர்ந்தெடுத்தேன். கோப்பின் அளவு சற்றுக் கூடும், அவ்வளவே.

முதல் டேப்பை முன்பின் யோசிக்காமல் பழைய வெளிவட்டு ஒன்றில் எழுதத் தொடங்கினேன். அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டது. அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன கணக்கின்படி அது 20 நிமிடக் காட்சிக்குக்கூடப் போதாது. நல்ல வேளையாக அந்த டேப்பில் இடைவிடாமல் எடுத்த நீண்ட காட்சி ஒன்றில்தான் இது வெளிப்பட்டது. அதன் பின்பு கணினியின் உள்வட்டில், அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் பகுதியிலேயே எழுதி, பின்பு வெளிவட்டுக்கு நகலெடுத்தேன்.

பதிவு நடக்கும்போது சன்னலில் நான் கண்கொட்டாமல் பார்த்தது படத்தையன்று. விடுபட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கையைக் காட்டும் இடத்தை. ஃபயர்வயர் வழியாக வரும் வீடியோ, தொடர்வண்டியைப் போலக் குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் போய்விடும். கணினி அந்நேரம் வேறு வேலையில் இருந்து ஒரு தரவுப் பொட்டலத்தைத் தவறவிட்டால், மறுபடி அனுப்பு என்று கேட்கும் ஏற்பாடு இதில் இல்லை. எனவே எண்களின் நகல் என்று மேலே சொன்னது, அந்த எண்ணிக்கை சுழியமாக இருக்கும் வரைதான் உண்மை. 43 டேப்புகளில் எனக்கு அது சுழியத்தைத் தாண்டியது மூன்றே முறை. இரண்டு முறை வைரஸ் தடுப்பு மென்பொருள் முழு வட்டையும் சோதிக்கத் தொடங்கியதால். ஒரு முறை, கணினி உறக்க நிலைக்குப் போகாமல் தடுக்க மறந்ததால். மூன்றையும் பின்னோட்டி மறுபடி எடுத்தேன். கேமராவுக்கும் இதே கவனம் வேண்டும். பேட்டரியில் ஓட்டக் கூடாது, மின் அடாப்டரில் ஓட்ட வேண்டும். படமெடுக்கும் நிலையில் அன்றி, விசிஆர் அல்லது ப்ளே என்று குறிக்கப்பட்ட நிலையில் இருந்தால்தான் டேப்பில் உள்ளது கணினிக்கு வரும்.

ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த டேப்பை உடனே ஓட்டாமல், முதலில் இறுதிவரை முன்னோட்டி, பின்பு தொடக்கம்வரை பின்னோட்டி, அதன் பிறகே ஓட்டினேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் இதனால் தளர்ந்து இழுவிசை சீராகும். அப்படியும் சில டேப்புகளில் படம் சதுரம் சதுரமாகச் சிதறியது. டிஜிட்டல் டேப்பின் இயல்பு இது: அனலாக் டேப்பைப் போல மெல்ல மங்காது, படிக்க முடியும் வரை முழுமையாக இருக்கும், முடியாத இடத்தில் கட்டம் கட்டமாக உடையும். உலர் துப்புரவு கேசட்டை உறையில் சொல்லியுள்ளபடி சில நொடிகள் மட்டும் ஓட்டியதில் நான்கு டேப்புகள் தெளிந்தன. எல்பி முறையில், அதாவது 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் கொள்ளும்படி நெருக்கிப் பதிந்தவை மட்டும் வழிக்கு வரவில்லை. அந்த முறையில் தடங்கள் மிகக் குறுகலாக இருப்பதால், பதிந்த கேமராவுக்கும் ஓட்டும் கேமராவுக்கும் உள்ள மயிரிழை வேறுபாடுகூடப் படத்தைக் கெடுத்துவிடும். எந்தக் கேமராவில் எடுத்தோமோ அதிலேயே ஓட்டுவதுதான் சிறந்தது. என்னிடம் அந்தக் கேமரா இல்லை.

வின்டிவியின் உண்மையான குறை இங்கேதான் தெரிகிறது. கணினி தவறவிட்ட ஃப்ரேமை அது எண்ணுகிறது. ஆனால் கேமராவால் படிக்க முடியாமல் போன ஃப்ரேமைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. படிக்க முடியாத கட்டங்களைக் கேமரா முந்தைய ஃப்ரேமிலிருந்து எடுத்து ஒட்டி மறைத்து அனுப்பும்; அப்படி மறைத்ததற்கான குறியையும் தரவுக்குள் வைத்தே அனுப்பும். வின்டிவி அந்தக் குறியைப் பார்ப்பதில்லை. ஆகவே சுழியம் என்ற எண்ணை நம்பிவிட்டு ஒரு டேப்பை எடுத்துவைத்தேன்; வாரங்கள் கழித்துத்தான் அதில் இரண்டு நிமிடம் சிதைந்திருப்பதைக் கண்டேன். மீடியாஏரியா வெளியிட்டுள்ள டிவிரெஸ்கியூ என்ற கட்டற்ற மென்பொருள் இந்தக் குறிகளைப் படித்து, எந்த நொடியில் எவ்வளவு பிழை என்று அறிக்கை தருகிறது. அதற்கும் மேலாக, ஒரே டேப்பை மூன்று நான்கு முறை எடுத்து வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் நன்றாக வந்த பகுதிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்து ஒரே கோப்பாக்கித் தருகிறது. ஒரே டேப் ஒவ்வோர் ஓட்டத்திலும் வேறு வேறு இடத்தில் பிழை காட்டும் என்பதால் இந்த உத்தி வியக்கத்தக்க அளவு பலிக்கிறது. கட்டளை வரியில் பழக்கமில்லாதவருக்குத் தொடக்கத்தில் மிரட்சியாக இருக்கும். ஆவணக் காப்பகத்தாருக்காக உருவான கருவி என்பது ஒவ்வொரு சன்னலிலும் தெரிகிறது. பழுதுபட்ட டேப் ஒன்றேனும் இருந்தால் பழகிக்கொள்வது வீண்போகாது.

உயர்தெளிவுப் படத்தைப் பதியும் எச்டிவி (HDV) டேப்பையும் வின்டிவி ஏற்காது. 2003இல் வந்த அந்த முறை, அதே மினிடிவி கேசட்டில் எம்பெக்-2 வடிவில் 1280க்கு 720 அல்லது 1440க்கு 1080 என்ற அளவில் பதிவது. கேசட்டைப் பார்த்து வேறுபாட்டைச் சொல்ல முடியாது. அதற்கு எச்டிவிஸ்ப்ளிட் என்ற வேறொரு சிறு மென்பொருள் இருக்கிறது. சோனியின் எச்டிவி கேமராக்களில் ஐ.லிங்க் கன்வெர்ட் என்ற அமைப்பை இயக்கினால் வின்டிவியிலும் படம் வரும். ஆனால் வருவது சுருக்கிச் சிறிதாக்கிய டிவி படம். தெரியாமல் அப்படியே எடுத்து முடித்துவிட்டுக் கேசட்டை எறிந்தவர் கதி பரிதாபம்தான். மாறாக, டிஜிட்டல்8 கேமரா வைத்திருப்பவர் வின்டிவியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஹை8 கேசட்டில் ஏறியிருந்தாலும் உள்ளே இருப்பது இதே டிவி தரவுதான். பழைய அனலாக் வீடியோ8, ஹை8 கேசட்டுகளையும் படித்து ஃபயர்வயர் வழியே அனுப்பும் டிஜிட்டல்8 மாதிரிகள் உண்டு. அப்படியொன்று கையில் இருந்தால் அது பெரும் வாய்ப்பு.

மேக் வைத்திருப்போருக்கு வேறு கணக்கு. ஆப்பிளின் தண்டர்போல்ட் 3 - தண்டர்போல்ட் 2 அடாப்டர், அதன் பின்னால் தண்டர்போல்ட் - ஃபயர்வயர் அடாப்டர், அதன் பின்னால் ஒன்பது ஊசியிலிருந்து நான்கு ஊசிக்கு மாறும் கேபிள் என்று அடாப்டர்களின் ஊர்வலமாக இருந்தாலும், இவ்வழி நெடுங்காலம் ஒழுங்காக வேலை செய்தது. 2025இல் வெளியான மேக்ஓஎஸ் 26 டஹோவில் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டதால், இனி அதற்கு முந்தைய பதிப்பில் நிற்கும் மேக் ஒன்று தேவை. லினக்ஸில் டிவிகிராப் என்ற கட்டளை வின்டிவி செய்யும் வேலையைச் செய்கிறது. கணினியில் விண்டோஸ் அடம்பிடித்தால் அதுவே நல்ல மாற்று. மடிக்கணினி மட்டும் வைத்திருப்பவர், நான்கு ஊசிப் போர்ட்டுடன் வந்த பழைய மடிக்கணினி ஒன்றைத் தேடிப் பிடிப்பதே எளிது. நிழற்படக் கோப்பைப் போல நினைவக அட்டையில் பதியும் ஏவிசிஎச்டி கேமராக்களுக்கு இவை எதுவும் வேண்டாம்; யுஎஸ்பியில் இணைத்து நகலெடுத்தால் முடிந்தது. காட்சிகள் உள்ள எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல் முழு ஃபோல்டர் அமைப்பையும் அப்படியே எடுத்துவைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அங்கே கவனிக்க வேண்டியது.

எடுத்த கோப்புகள் மொத்தம் அரை டெராபைட்டைத் தாண்டின. இவற்றை நான் சுருக்கவில்லை. இரண்டு வட்டுகளில் அப்படியே வைத்திருக்கிறேன். குடும்பத்தார் கைப்பேசியில் பார்ப்பதற்கென்று மட்டும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எச்.264 வடிவில் தனிப் பிரதிகள் செய்தேன். டிவி படம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பின்னப்பட்டது. அதைக் கவனிக்காமல் மாற்றினால், கை வீசும்போதும் ஓடும்போதும் விளிம்புகளில் சீப்புப் பற்களைப் போன்ற கோடுகள் விழும். டீஇன்டர்லேஸ் பகுதியில் பாப் என்ற தேர்வை வைத்தால், பால் படத்தில் நொடிக்கு 25 ஃப்ரேம் என்பது 50 ஆகி, பழைய தொலைக்காட்சியில் பார்த்த அதே வழுக்கிச் செல்லும் அசைவு திரும்ப வருகிறது. 720க்கு 576 என்ற அளவில் உள்ள புள்ளிகள் சதுரமானவை அல்ல என்பதால், 4:3, 16:9 விகிதங்களையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எல்லார் முகமும் சற்றே மெலிந்தாற்போல இருக்கும். எங்கள் வீட்டில் அதை முதலில் யாரும் குறை சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

கார்டுக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். அதனிடம் எதிர்பார்த்தது ஒன்றே, அதைச் செய்தது. வின்டிவிக்கு நான்கு, டேப்பின் பிழையை மறைத்துவிட்டு மௌனமாக இருந்ததற்காக ஒன்றைக் குறைத்தேன். 43இல் 41 டேப்புகள் முழுமையாக வந்துவிட்டன. ஒன்றை டிவிரெஸ்கியூவில் நான்கு ஓட்டங்களைச் சேர்த்து ஏறக்குறைய மீட்டேன். மீதமிருப்பது எல்பி முறையில் எடுத்த ஒரு டேப். என் கேமராவில் ஒலி துண்டு துண்டாகக் கேட்கிறது, படம் கட்டங்களாக நிற்கிறது. அதை எடுத்த கேமராவை உறவினர் ஒருவர் எங்கோ வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கேபிளைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.